உட்கார வைத்த ஓட்டுநர்

செஞ்சிக்காரர்களுக்கு ஒரு பழக்கம். வெளியூர் ஆள் காணாமல் போனால் முதலில் கோட்டையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. வெள்ளைக்கார அம்மாவைக் காணோம் என்றதும் ஸ்டேஷனில் இருந்த போலீசில் பாதிப் பேர் ராஜகிரி மலையில் ஏறிவிட்டார்கள். கத்திரி வெயில். அந்தப் பாறையில் அப்பளம் போட்டால் பொரிந்துவிடும். ஸ்டேஷனுக்குள் மின்விசிறி ஓடியும் கலைமதிக்கு வேர்வை அடங்கவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காணாமல் போனவர் ரெனாட்டே. ஜெர்மனியில் இலக்கியப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கலைமதியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர். இந்த வயதில் விமானம் ஏறி, அத்தனை தூரம் வந்தது கலைமதி பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக. வந்த மறுநாளே ஆளைக் காணவில்லை.

கலைமதியைப் பற்றி ஊருக்கு ஒரு விஷயம்தான் தெரியும்: ஜெர்மன் படித்தவள். சிங்கவரம் ரோட்டுக் காலனியில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கப் போகும் சின்னப்பொண்ணுவுக்குப் பிறந்த மகள். சென்னைக் கல்லூரியில் இங்கிலீஷ் சீட் தீர்ந்துவிட்டது, ஜெர்மன்தான் மிச்சம் இருக்கிறது, வேணுமா என்று கேட்ட கிளார்க்கிடம் சட்டென்று தலையாட்டியவள். "ஜெர்மனா? அத்தப் படிச்சி இன்னாடி பண்ணப் போற, இட்லரு கூடப் பேசப் போறியா?" என்று அத்தைக்காரி சிரித்தாள். பேசத்தான் போனாள். நாலு வருஷம் ஜெர்மனியில் குளிரில் நடுங்கி, போருக்குப் பிறகு வந்த நாவல்களை வரி வரியாகப் படித்தாள். அவள் எடுத்துக்கொண்ட விஷயம், அந்த நாவல்களில் வருகிற வேலைக்காரர்கள். சமையற்காரி, தோட்டக்காரன், கார் ஓட்டுகிறவன். கதையில் பேரில்லாமல் வந்து பேரில்லாமல் போகிறவர்கள். அவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியிலேயே புத்தகம் எழுதினாள். ரெனாட்டே முன்னுரை எழுதினார். அந்தப் புத்தகம்தான் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. லேசுப்பட்ட காரியமா அது?

அன்று காலை அவளுக்குத் துறைக் கூட்டம், கம்ப்யூட்டரில். தவிர்க்க முடியவில்லை. ரெனாட்டேவைத் தளவானூர் குடைவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்லித் தம்பி அன்புச்செல்வனின் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். மதியம் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. சின்னப்பொண்ணு விடியற்காலையிலேயே எழுந்து நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள். குழம்பு ஆறியது, விருந்தாளி வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டால், "அந்தம்மாவ அப்பவே லாட்ஜில இறக்கி வுட்டுட்டனேக்கா" என்றான். லாட்ஜில் கேட்டால் வரவே இல்லை என்றார்கள். ரெனாட்டேவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

"நல்லா யோசிச்சி சொல்லுடா. லாட்ஜு வாசல்லதான் இறக்குனியா?" சப் இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"ஆமா மேடம். கோட்டைக்கு வழி கேட்டாங்க. கை காட்டினேன்."

அன்பு சுவரோரம் நின்றிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. போன வருஷம் திருவிழாத் தகராறில், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அவனையும் வண்டியில் ஏற்றிக் கேஸ் போட்டார்கள். காலனிப் பையன் என்றால் அடி முதலில், கேள்வி அப்புறம். இன்னொரு கேஸ் வந்தால் பேட்ஜ் போய்விடும், ஆட்டோ போய்விடும். அந்தப் பயம்தான் என்று கலைமதி நினைத்துக்கொண்டாள். பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் ரெனாட்டேவின் பெயர்.

"ஸ்பீக்கர்ல போடுங்க!" என்று ஜெயக்கொடி எழுந்து வந்தாள். ஏட்டு தனகோட்டி கெட்டிக்காரர். பாய்ந்து வந்து தன் போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து பக்கத்தில் பிடித்தார்.

முதலில் காற்றின் இரைச்சல். பிறகு குரல். நா வறண்டு, குழறி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. நன்றாக ஆங்கிலம் பேசுகிற அம்மாள், ஆங்கிலமே மறந்துபோனவராய்த் தாய்மொழியில் பேசினார்.

"டெர் ஃபாரர் ஹாட் மிஷ் ஸிட்ஸன் லாஸன்..."

கலைமதி போனை வாயருகே இழுத்துக்கொண்டாள். "எங்க இருக்க? நீ எங்க இருக்க?" என்று ஜெர்மனில் கத்தினாள். என்னை 'நீ' என்றே கூப்பிடு என்று ரெனாட்டே வருஷக்கணக்காகக் கேட்டும் 'நீங்கள்' என்பதைத் தாண்டாத வாய் அது. இப்போது தானாகத் தாண்டிவிட்டது.

கால் அசையவில்லை என்றார் ரெனாட்டே. தண்ணீர் இல்லை என்றார். "ட்ஸ்வை ரீஸன்" என்று இரண்டு தடவை சொன்னார். அதோடு இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டால் மறுபடியும் எல்லைக்கு வெளியே.

தனகோட்டி தன் போனைத் தூக்கிப் பிடித்து, திரையில் விழுந்திருந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தார். "ஓட்டுநர் என்னை உட்கார வைத்தார். இரண்டு பயணங்கள். அவ்ளோதாம்மா வந்திருக்குது."

"அட, கரெக்டாதானே இருக்குது!" என்றாள் ஜெயக்கொடி. "இவன் லாட்ஜில உக்கார வெச்சிட்டு வந்திருக்கான். அந்தம்மா தனியா ரெண்டாவது ட்ரிப் கெளம்பிட்டாங்க. கோட்டையிலதான் எங்கியோ சிக்கியிருக்காங்க. இன்னா மேடம், ஆப்பு சொல்றது சரிதானே?"

கலைமதி தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. அடப்பாவி, லாட்ஜுக்கு வரவே இல்லையா நீ?

ஸிட்ஸன் லாஸன் என்ற அந்தச் சொற்றொடரில் ஒருகாலத்தில் அவளும் வழுக்கி விழுந்திருக்கிறாள். முதல் வருஷம், ஒரு கதையை மொழிபெயர்க்கும்போது, 'அவன் அவளை உட்கார வைத்தான்' என்றே எழுதிக் கொண்டுபோனாள். ரெனாட்டே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார்: நாற்காலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நம்பினவரை அப்படியே போட்டுவிட்டுப் போவது. தமிழில் அதற்கு அச்சு அசலாய் ஒரு வார்த்தை இருக்கிறது. நட்டாற்றில் விடுவது. டிரைவர் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ரெனாட்டே சொன்னது அதுதான்.

இரண்டு பயணமும் இல்லை, மண்ணும் இல்லை. பயணங்கள் என்றால் ரைஸன்; ரெனாட்டே சொன்ன ரீஸன் பூதாகாரமான ஆட்கள். இரண்டு பூதங்கள். தளவானூர்க் குடைவரையின் வாசலில் கல்லில் நிற்கும் இரண்டு துவாரபாலகர்கள். அந்தம்மாள் அங்கேதான் எங்கேயோ பாறைச் சந்தில் கிடக்கிறார். இங்கே பாதி ஸ்டேஷன் வேறு மலையில் தேடிக்கொண்டிருக்கிறது.

"மேடம், சரிதானே?" ஜெயக்கொடி அவசரப்படுத்தினாள்.

சரி என்று ஒரு வார்த்தை போதும். தம்பி தப்பிப்பான். தனியாக ஓடிப்போய் அந்தம்மாவைத் தூக்கிக்கொண்டு வரலாமா? வேறு ஆட்டோ பிடித்து, தளவானூர் போய், பாறையில் ஏறி, கால் அசையாத கிழவியை ஒற்றை ஆளாய்... அதற்குள் உயிர் இருக்குமா? இடத்தை மட்டும் சொல்லி மிச்சத்தை விழுங்கிவிடலாமா? லாட்ஜில் இறங்கியவர் தளவானூருக்கு எப்படிப் போனார் என்று அடுத்த கேள்வி வராதா? கதவுக்கு வெளியே சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். மகளின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டாள். படிக்காதவள்தான், ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? கையெடுத்துக் கும்பிட்டாள். வேணாம்டி என்று தலையை ஆட்டினாள்.

மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கலைமதி ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணம் நின்றதற்கே பிறகு தன்னைத் திட்டிக்கொண்டாள்.

"ஆப்பு தப்பு மேடம்" என்றாள். "டிரைவர் என்ன நட்டாத்துல வுட்டுட்டுப் போயிட்டான்னு சொல்றாங்க. இருக்கிற இடம் தளவானூர். கால் ஒடைஞ்சிருக்கும்போல. தண்ணி இல்ல. மலையில ஏறினவங்கள எல்லாம் அங்க அனுப்புங்க. ஆம்புலன்சையும் வரச் சொல்லுங்க."

ஜெயக்கொடி திரும்பினாள், அன்புவின் கன்னத்தில் ஒன்று விட்டாள். சத்தம் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். "லாட்ஜா? லாட்ஜாடா? ஏத்துடா இவன ஜீப்புல!"

"கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டியேடி பாவி! இதுக்காடி உன்ன படிக்க வெச்சேன்?" வாசலில் சின்னப்பொண்ணு வயிற்றில் அடித்துக்கொண்டாள். கலைமதி அம்மாவைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினாள்.

திண்டிவனம் ரோட்டில் ஜீப் பறந்தது. பின் சீட்டில் அக்காவும் தம்பியும் எதிரும் புதிருமாக. ஜெயக்கொடி முன்னால் தனகோட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டு வந்தாள்.

"எதுக்குடா வுட்டுட்டு வந்த?" கலைமதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எழுபது வயசுக் கெழவிடா. வேற சவாரி கெடச்சிச்சா? அவ்ளோ அவசரமா உனக்கு?"

அன்பு வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டான். "அரைமணி நேரத்துல திரும்பிப் போனேன்க்கா. கூப்ட்டுப் பாத்தேன், அந்தம்மாவ அங்க காணல. வேற வண்டி புடிச்சிப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். நீ போன் பண்ணதும் பயந்துட்டேன்."

"நான் கேக்கிறது அது இல்ல. மொதல்ல ஏன்டா வுட்டுட்டுப் போன?"

அவன் வெளியே பார்த்தான். மல்லாட்டைக் காடுகள் ஓடின.

"காலைல அந்தம்மா கிட்ட என்னக் காட்டி ஒரு வார்த்த சொன்னியே. இன்னாக்கா அதுன்னு கேட்டேன். நீ இன்னா சொன்ன?"

கலைமதி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"என் தம்பின்னு சொன்னேன்னு சொன்ன. ஃபாரர்னா தம்பின்னு நெனச்சிட்டேன். வழியெல்லாம் அதையே மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். தளவானூர்ல எறங்கினதும் நெஞ்சுல தட்டிக்கினு, ஐ ஃபாரர், கலைமதி ஃபாரர்னேன். அந்தம்மா சிரிச்சிட்டு, யெஸ் யெஸ், டிரைவர், குட் டிரைவர்னுச்சு." அவன் குரல் உடைந்தது. "அப்பதான் எனக்குப் புரிஞ்சிது, மத்தியானம் வீட்டுக்கு வராத, சவாரி பாத்துட்டு சாயந்திரம் வான்னு நீ எதுக்குச் சொன்னேன்னு. வெறுத்துப் போச்சுக்கா. வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன்."

ஜெர்மனியில் ஒரு குளிர்கால மாலையில், தம்பி என்ன செய்கிறான் என்று ரெனாட்டே கேட்டபோது, இன்ஜினியரிங் படிக்கிறான் என்று கலைமதி சொல்லிவிட்டாள். அங்கே எல்லாருடைய தம்பிகளும் ஏதாவது படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா படிக்கட்டும் என்று பத்தாவதோடு நின்று ஆட்டோ பிடித்தவன் இவன் என்று சொல்ல அன்றைக்கு நாக்கு எழவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்று காலை இன்னொரு பொய். சீ, இதுவும் ஒரு படிப்பா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

தளவானூரில் ஜீப் நிற்பதற்குள் அன்பு குதித்துவிட்டான். தப்பி ஓடுகிறான் என்று தனகோட்டி "டேய்!" என்று கத்தினார். அவன் ஓடியது மலைமேல். குடைவரையைச் சுற்றி, பின்பக்கப் பாறைகளில் ஆடு மாதிரி தாவித் தாவி ஏறினான். "அம்மா! ஜெர்மன் அம்மா!" என்று அவன் கூப்பிட்ட குரல் பாறைகளில் மோதித் திரும்பியது. கலைமதி செருப்பை உதறிவிட்டுப் பின்னாலேயே ஏறினாள். உள்ளங்கால் கொப்புளித்தது.

"இங்க, இங்க! உயிர் இருக்குது!"

இரண்டு பாறைகளுக்கு நடுவில், கைக்குட்டை அளவு நிழலில் ரெனாட்டே சுருண்டு கிடந்தார். போனுக்கு சிக்னல் தேடி மேலே ஏறியபோது வழுக்கியிருக்க வேண்டும். உதடு வெடித்து, முகம் சிவந்து, கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. வேர்வையே நின்றுபோன உடம்பு. இன்னும் கொஞ்ச நேரம் கோட்டையில் தேடிக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அன்பு தன் சட்டையைக் கழற்றி, தனகோட்டி கொண்டுவந்த தண்ணீரில் நனைத்து அவர் தலையில் போட்டான். வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டான். ஸ்ட்ரெச்சர் வரும்வரை காத்திருக்கவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு, கொதிக்கிற பாறையில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினான். அந்தம்மாளின் கைகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தன.

ஆம்புலன்சில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். மெல்ல மெல்ல ரெனாட்டேவின் கண்களில் தெளிவு வந்தது. கலைமதியைப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேளுங்க மேடம்" என்று ஜெயக்கொடி அன்புவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "உட்டுட்டுப் போனது இவன்தானான்னு கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும். எஃப்.ஐ.ஆர். போடணும்."

ரெனாட்டே அந்த வெற்று மார்பையும் வீங்கிய கன்னத்தையும் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "ஆ, டெர் ஃபாரர்" என்றார். தன்னை விட்டுப்போனவனே எதற்குத் தூக்கிக்கொண்டு இறங்கினான் என்று புரியாத பார்வை.

கலைமதி அவர் கையை விடாமல் குனிந்தாள். "இல்லை" என்று ஜெர்மனில் சொன்னாள். "இவன் டிரைவர் இல்லை. நான் உங்களிடம் பொய் சொன்னேன். இவன் என் தம்பி."

ரெனாட்டே அவளையே பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"இன்னாவாம் மேடம்?" என்றாள் ஜெயக்கொடி.

அன்பு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப இன்னாக்கா சொன்ன?"

"என் தம்பின்னு சொன்னேன்டா" என்றாள் கலைமதி. கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

"காலையிலயும் இதத்தான் சொன்ன" என்றான் அன்பு. யாரும் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவனே நடந்துபோய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான்.