கை பொறுக்கிற சூடு

ஒரு மனிதனின் பெருமை அவன் நட்ட மரம் எவ்வளவு உயரம் வளர்ந்தது என்பதில் இல்லை. அதை எவ்வளவு குள்ளமாக நிறுத்திவைக்க அவனால் முடிந்தது என்பதில்தான் இருக்கிறது. இந்த மகத்தான உண்மையைப் பேச்சாளர் உலகுக்கு அறிவித்தபோது உலகம் என்று அங்கே இருந்தது அவர் மனைவி மட்டும்தான். அவளும் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடைப்பை ஒரு கம்பியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"கேக்குறியா?"

"கேட்டுட்டுதான் இருக்கேன், சொல்லுங்க."

"கம்பியைப் பார்த்ததும் ஞாபகம் வருது. எனக்குச் செம்புக் கம்பி வேணும், மெல்லிசா. மரத்துக்குச் சுத்தணும்."

"எந்த மரத்துக்கு?"

"வரப்போற மரத்துக்கு."

பேச்சாளருக்குப் பேசுவதுதான் தொழில். கம்பெனிகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊழியர்களைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைப்பார்கள். கண் சொருகுகிற நேரம் பார்த்து இவர் மேடையேறிப் பொறுமையைப் பற்றிச் சொல்வார். பொறுமை தவிர விடாமுயற்சி, புன்னகை, இல்லறம் ஆகியவையும் கைவசம் உண்டு. இல்லறத்துக்குத்தான் கிராக்கி அதிகம். போன வாரம் ஒரு சோப்புக் கம்பெனியில் இல்லறம் பேசி முடித்ததும் நினைவுப் பரிசு என்று ஓர் உறையைக் கையில் கொடுத்தார்கள். காசோலையாக்கும் என்று காரில் ஆவலாகப் பிரித்தார். உள்ளே கொஞ்சம் விதைகள். உறையின் மேல் செக்கச் செவேலென்ற இலைகளோடு இடுப்பு வளைந்த ஒரு குட்டி மரத்தின் படம். 'போன்சாய் விதைகள்: தொடக்க நிலையினருக்கு' என்று அச்சடித்திருந்தது. தொடக்க நிலை என்ற சொல் மட்டும் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

விதை வந்த அதே வாரத்தில் மகளும் வந்திருந்தாள்.

அதற்குக் காரணம் பேச்சாளரின் மனைவி. 'அம்மா, நான் அங்கே வந்துவிடட்டுமா?' என்று மகள் செல்போனில் செய்தி அனுப்பியிருந்தாள். இவளுக்குச் செய்தியைப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. தெரிந்ததெல்லாம் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றுதான். அதை அனுப்பினாள். அழைப்பு மணி அடித்துக் கதவைத் திறந்த பிறகுதான் பேச்சாளருக்கு விஷயமே தெரிந்தது. பெட்டியின் அளவைப் பார்த்ததும் அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"அடிக்கிறாரா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"குடி, கிடி?"

"இல்ல."

"வேற எங்கயாவது பழக்கம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. பேச மாட்டேங்கிறாரு. ஒன்றரை வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்து ரூம்ல உக்காந்துகிட்டு போன்ல மெசேஜ் போடுவாரு. 'தண்ணி'ன்னு வரும். கொண்டுபோய் வெச்சா, 'லைட்டை அணை'ன்னு வரும். நான் ஏதாவது வாய்விட்டுக் கேட்டா, போனைக் காட்டுவாரு. அதுல கேக்கணுமாம்."

பேச்சாளர் சிரித்தார். "இவ்வளவுதானா? பேசாம இருக்கிறது பெரிய குணம்மா! அது எல்லாருக்கும் வராது."

"உங்களுக்கு வராது" என்றாள் மகள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பேச்சாளருக்கு இது சிரிக்கிற விஷயமில்லை. நான்கைந்து மாதத்தில் குடும்ப நல மாநாடு வருகிறது. எண்ணூறு பேர் கொள்ளும் அரங்கம், சிறப்புரை இவருடையது. 'குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும், மகள் மருமகன் எல்லாரும்' என்று அமைப்பாளர் வேறு சொல்லியிருந்தார். இல்லறத்தில் சிறப்புரை ஆற்றுகிறவரின் மகள் வீட்டுச் சோபாவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் மனிதன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மைக்கைப் பிடிப்பான்? அவளுடைய பழைய அறையையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அங்கேதான் கேடயங்களை அடுக்கிவைத்து, அவற்றின் முன்னால் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார்.

யோசித்து யோசித்துப் பார்த்தவருக்கு விதை உறை கண்ணில் பட்டது.

"சரி, ஒரு ஒப்பந்தம்" என்றார். "இதை நான் போடப் போறேன். முளைக்கிற வரைக்கும் நீ இங்க இரு. ஒருத்தரும் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். முளைச்சிடுச்சுன்னா, பொறுமைக்குப் பலன் உண்டுன்னு ஒத்துக்கிட்டு நீயும் உன் வீட்டுக்குப் போகணும்."

"முளைக்கலைன்னா?"

"முளைக்கும்."

"முளைக்கலைன்னாப்பா?"

"அந்த ரூமைக் காலி பண்ணித் தரேன். உன் இஷ்டத்துக்கு இரு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விதையைப் பார்த்தாள்.

விதையை முதலில் வெந்நீரில் ஊறப்போட வேண்டும் என்று உறையில் இருந்தது. பேச்சாளர் கண்ணாடிக் கிண்ணத்தில் விதைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "வெந்நீர் கொண்டா! கை பொறுக்கிற சூடுதான் இருக்கணும், கேட்டியா? கொதிச்சுட்டா விதை செத்துப்போயிடும்."

அவள் கேட்டாள். திருமணமான நாளிலிருந்து அவர் சொல்வதையெல்லாம் கேட்டு 'ம்' கொட்டியவள், இதை மட்டும் காது குளிரக் கேட்டாள். பாத்திரத்தை அடுப்பில் வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கொதித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டியபோது அவர் போனில் அமைப்பாளரோடு இருந்தார்.

"குடும்பங்கிறது ஒரு தொட்டி சார். வேர் வெளியில போகக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம்" என்று சொல்லிக்கொண்டே தன் கையால் ஊற்றினார். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சூடு சரியா இருக்கா?" என்றார்.

"கை பொறுக்கிற சூடுதாங்க."

பொய் என்றும் சொல்ல முடியாது. எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை.

அதன்பிறகு விதைகள் ஈரத் துணியில் சுருண்டு, ஒரு டப்பாவில் ஏறி, குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு மாதம் குளிர்காலம் அனுபவித்தன. அதுவும் உறையில் சொன்னபடிதான். டப்பாவின் மேல் 'உயிர் உள்ளது, தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தார். வெண்ணெய் எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சீட்டைப் பார்த்தால் குறுகுறுவென்றிருந்தது.

அந்த ஒரு மாதமும் வீடு வீடாக இருந்தது. மகள் பேசினாள். செய்தித்தாளில் வரும் கட்டில் விளம்பரத்தைச் சத்தம்போட்டுப் படித்தாள். துணி உலர்த்தும்போது துணியோடு பேசினாள். "வாடா சட்டை, உனக்கு ஏண்டா காலர் இவ்வளவு கோணல்?" ஒன்றரை வருஷத்து வார்த்தையெல்லாம் நெஞ்சில் தேங்கிக் கிடந்தால் எங்கேதான் கொட்டுவாள் பாவம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அறை கிடைத்ததும் எந்தச் சுவர் ஓரம் கட்டிலைப் போடலாம் என்றுகூட இரண்டு பேரும் கேடயங்களுக்கு நடுவே நின்று அளந்து பார்த்துவிட்டார்கள்.

மாதம் முடிந்ததும் பேச்சாளர் விதைகளை மண்ணுக்கு மாற்றினார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு தட்டைத் தொட்டி வாங்கியிருந்தார். மகள் உறையின் பின்பக்கத்தைப் படித்தாள்.

"அப்பா, இது தப்பு. 'முதல் சில ஆண்டுகள் பெரிய தொட்டியில் செடியைத் தன் போக்கில் வளர விடவும்'னு போட்டிருக்கு. தண்டு நல்லாத் தடிச்ச பிறகுதான் வெட்டணுமாம். போன்சாய்க்குன்னு தனியா விதையே கிடையாதாம், எல்லாம் சாதாரண மரத்தோட விதைதானாம்."

"தன் போக்கில விடுறதுக்கு நான் எதுக்கு?" என்றார் பேச்சாளர். "சின்ன வயசுலயே சின்னத் தொட்டியில போட்டுட்டா, பெரிய தொட்டின்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு அவர் வெளியூர்களில் பொறுமையைப் பரப்பக் கிளம்பிவிட்டார். மனைவி சொன்னபடி ஊற்றினாள். ஆனால் செத்த விதைக்கு நல்ல தண்ணீர் எதற்கு? காய்கறி கழுவிய தண்ணீர், வெட்டுப் பலகை அலம்பிய தண்ணீர், அழுகிய பழமிளகாயைக் கிள்ளிப்போட்டுக் கை கழுவிய தண்ணீர் என்று எது கைக்கு வந்ததோ அது தொட்டிக்குப் போனது. அடைப்பு எடுத்த பாத்திரத் தொட்டிக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சாளர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"முளைச்சிடுச்சு! ஏய், ரெண்டு பேரும் ஓடி வாங்க!"

தொட்டியின் நடுவில் ஒரே ஒரு முளை, இரண்டு இலையைக் கூப்பிக்கொண்டு நின்றது.

மனைவி குனிந்து பார்த்தாள். செத்தது எப்படி முளைக்கும்? கொதித்த கொதிப்பை அவள் கண்ணால் பார்த்தவள். ஆகையால் இது அந்த விதை இல்லை. மனிதர் எங்கிருந்தோ ஒரு செடியைக் கொண்டுவந்து குத்திவைத்துவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. 'அது முளைக்காது, நான்தான் அதைக் கொன்றேன்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் பிறகு அவர் பேசுவார். இன்று பேசுவார், நாளை பேசுவார், சாகிறவரைக்கும் அதையே பேசுவார். பெயரைச் சொல்லாமல் மேடையிலும் பேசுவார். 'ஒரு வீட்டில் ஒரு பெண்மணி இருந்தாள்...'

"அம்மா, நீ என்ன சொல்ற?" என்றாள் மகள்.

"நான் என்னம்மா சொல்றது. முளைச்சிருக்கே."

 மகள் போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். மாலையில் மருமகன் வந்தார். மேலே வரவில்லை. மகளின் போன் ஒருதரம் முனகியது. 'கீழே' என்று இருந்தது.

பேச்சாளர் அந்தச் செடியை வளர்த்த விதத்தைச் சொல்லி மாளாது. நுனி தலைதூக்கும்போதெல்லாம் கிள்ளினார். தண்டு நிமிரப் பார்த்தபோது செம்புக் கம்பியைச் சுற்றி இடுப்பை வளைத்தார். உறையில் இருந்த சிவப்பு இலை வராமல் பச்சையாகவே வந்தது. 'இலையுதிர் காலத்தில் சிவக்கும்' என்று தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். மாநாட்டுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகப் பூ வேறு விட்டது. பல ஆண்டுகள் ஆகவேண்டியது தன் கையில் சில மாதங்களில் பூத்துவிட்டதே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அழைப்பிதழில் 'விதையிலிருந்து போன்சாய் கண்டவர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மருமகன், அவருக்கு அடுத்து மகள், அவளுக்கு அடுத்து அம்மா. மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கொஞ்சம் இளைத்திருந்தாள். "எப்படிம்மா இருக்க?" என்று அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேடையில் ஓர் உயர்ந்த முக்காலியின் மேல் செடி இருந்தது. அதன்மேல் தனி விளக்கு.

"இந்த மரத்தை நான் அடித்தேனா?" என்று கேட்டார் பேச்சாளர். "இல்லை. திட்டினேனா? இல்லை. அன்பாக வளைத்தேன்! இதுதான் இல்லறம். என் மகளே இதற்குச் சாட்சி. ஒருநாள் அவள் மனம் வாடி வந்தாள். விதை முளைக்கும்வரை பொறு என்றேன். முளைத்தது, சென்றாள். இதோ, தம்பதி சமேதராக முன்வரிசையில்!"

எண்ணூறு பேரும் கை தட்டினார்கள். கேமரா திரும்பியது. மருமகன் போனிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு வணக்கம் வைத்தார்.

அப்போது அம்மாவின் மடியில் போன் முனகியது. எடுத்துப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்த மகள்தான் அனுப்பியிருந்தாள்.

'அம்மா, அது மிளகாய்ச் செடி. இடதுபக்கம் கீழே பார், ஒன்று காய்த்திருக்கிறது.'

அம்மா மேடையைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில், கம்பி சுற்றிய கிளைக்கு அடியில், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பச்சை மிளகாய் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஏமாற்றவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்டுப் பலகையும், அழுகிய பழமிளகாயும், கை கழுவிய தண்ணீரும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.  மகளின் காதோரம் குனிந்து, "கண்ணு, அந்த விதையை நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

மகள் உதட்டின்மேல் விரலை வைத்தாள். பிறகு அதே விரலால் அம்மாவின் போனைச் சுட்டிக் காட்டினாள். அதில் சொல்ல வேண்டுமாம்.

அம்மா போனைப் பார்த்தாள். மேடையில் பேச்சாளர் அடுத்த ஆண்டு இன்னும் பெரிய மரமொன்றைச் சிறியதாக்கப் போவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அனுப்பத் தெரிந்தது கட்டைவிரல் ஒன்றுதான். அதை அனுப்பினாள்.