நான்கு மில்லிமீட்டர்

திங்கட்கிழமை அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இடுப்பில் இருபத்தாறு வருடமாக இருக்கும் உலோகத் தண்டைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைக்கவேண்டும். அதைக் கேட்டதிலிருந்து சைக்கிள் கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

"கடையை ஆறு மாசம் மூடணுமாம்மா?" என்று மகளிடம் நாலாவது தடவையாகக் கேட்டார்.

"மூடலாம்ப்பா. உலகத்துல பஞ்சர் ஒட்ட வேற ஆளே இல்லையா?"

"இருக்காங்க. அவங்க ஒட்டினது நிக்காது."

வெளிச்சப் பெட்டியில் படங்களை மாட்டிக்கொண்டிருந்த எக்ஸ்ரேக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒன்று, அறுவை முடிந்த வருடத்துப் படம். மற்றது, இன்று காலை அவளே எடுத்தது. சிமென்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் செருகிய தண்டு அது. அதன் சொரசொரப்புக்குள் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளவேண்டும். பிடி விட்டால் தண்டு கீழே இறங்கும். டாக்டர் அளந்திருந்தார்: எலும்பின் உள்பக்க மேட்டிலிருந்து தண்டின் நுனிவரை பழையதில் அறுபத்தாறு மில்லிமீட்டர், புதியதில் எழுபது. நான்கு இறங்கிவிட்டது. தொடை வலிக்கும் அதுதான் காரணம் என்று முடிவாயிற்று.

ஆனால் பிடி விட்ட தண்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். இங்கே எலும்பு வெள்ளைவெளேரென்று உலோகத்தை ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு உறுத்தியது. அடிக்கோலை எடுத்து, தண்டின் தலையிலிருந்த உலோகக் குண்டின் மேல் வைத்தாள். பழைய படத்தில் முப்பத்தொன்று. புதியதில் முப்பத்துமூன்று.

உலோகம் வளருமா என்ன! பக்கத்து அறைக்கு ஓடி டாக்டரைக் கையோடு இழுத்துவந்தாள்.

"டாக்டர், குண்டு பெருசாயிருக்கு!"

"எந்தக் குண்டு?"

"இடுப்புல வச்ச குண்டு! பழைய ஆபரேஷன் சீட்டுல அது இருபத்தெட்டுனு இருக்கு. படம்தான் பெருசா விழுந்திருக்கு." அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "ஐயா, அந்தப் பழைய படம் எடுத்தப்போ என்ன எடை இருந்தீங்க?"

"அறுபத்தொண்ணு."

"இப்போ?"

"எழுபது சொச்சம்..."

"தொண்ணூத்தி நாலு," என்று மகள் போட்டு உடைத்தாள்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பின்பக்கம் சேர்ந்த சதை இடுப்பை, அடியிலிருக்கும் படத்தட்டிலிருந்து தூக்கிவிட்டது. தட்டிலிருந்து தள்ளிப்போனால் நிழல் பெரிதாக விழும். அதைக் கழிக்காமலே அளந்துவிட்டிருக்கிறார். குண்டின் நிஜ அளவை வைத்து இரண்டு படத்தின் அளவையும் சுருக்கினார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு.

"அசையவே இல்ல," என்றார் மெல்ல. "இதைப் பிடுங்கப் போயிருந்தா நல்ல எலும்பை உடைச்சிருப்பேன்."

பிறகு தொடையின் வெளிப்பக்கத்தில் விரலை அழுத்தினார்.

"ஐயோ!"

"வலி இங்கதான், தோலுக்கடியில. ஊசி போட்டா அடங்கும். அறுவை வேண்டாம்."

"இந்தத் தண்டு இன்னும் எத்தனை வருஷம் ஓடும் டாக்டர்?"

"தெரியாது ஐயா. நான் பார்த்ததுல ரொம்ப நாள் ஓடுறது உங்களுதுதான். வருஷா வருஷம் வந்து காட்டுங்க. உங்களைப் பார்த்துத்தான் நாங்களே தெரிஞ்சுக்கணும்."

எக்ஸ்ரேக்காரிக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது. கடைக்காரரோ ஊசிக்குக்கூடக் காத்திராமல் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்: "திங்கக்கிழமை வண்டியைக் கொண்டா! வேற எவன்கிட்டயும் குடுத்துடாதே!"