‘பரவாயில்லை’க்கு இங்கிலீஷில் என்ன

சம்பத்துக்குத் தன் இங்கிலீஷின் மேல் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்பது அவனே சொல்லிக்கொள்வது. அவன் மனைவி அம்சவேணியைக் கேட்டால் அளவைக் கூட்டித்தான் சொல்வாள்.

நகரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன். எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி மதராஸோடு போய், நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்ற வருஷம் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். வேலை தேடிச் சித்தூருக்கு வந்தவனுக்கு ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. அதுவும் எல்லை கொடுத்த இடம்தான். நோயாளிகள் சொல்வதை வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நர்ஸ் ரத்னம்மா, புருஷனுக்குத் திருத்தணியில் வேலை என்று கிளம்பிப் போயிருந்தாள்.

டாக்டரம்மாவுக்குத் தெலுங்கு கொஞ்சம் வரும், தமிழ் அறவே வராது. ரத்னம்மா இருந்தவரை அந்த அறையில் வலிக்கு இரண்டே ரகம்: பேட், வெரி பேட். சம்பத் வந்ததும் ஒரு ஜவுளிக்கடையையே விரித்துப் போட்டான். குடைந்தால் நாயிங், விண்விண் என்று தெறித்தால் த்ராபிங், சுருக்கென்று குத்தினால் ஸ்டாபிங், மந்தமாகக் கிடந்தால் டல். டல்லுக்கும் ஹெவிக்கும் வித்தியாசம் உண்டு என்று ஒரு நாள் டாக்டரம்மாவுக்கே பாடம் எடுக்கப் போனான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்கள் சொல்லும் சொல்லை நம்பித்தான் நான் கத்தியை எடுப்பதும் எடுக்காததும்” என்றார். அன்றைக்கு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதுகூட மறந்துபோயிற்று.

வைகாசி வெயிலில் ஒரு காலை பாப்பாத்தியும் அவள் புருஷன் ரங்கையாவும் வந்தார்கள். சத்தியவேடு பக்கத்துக் கூலிக்காரர்கள். திருப்பதியில் ஒரு சத்திரம் கட்டுகிற இடத்தில் கல்லும் மண்ணும் சுமந்துகொண்டிருந்தவர்கள், பாகாலா வழியாக ரயிலில் வந்திருந்தார்கள். பாப்பாத்தி முந்தானை நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றாள். வயிற்று நோவு என்று ரங்கையாதான் சொன்னான்.

“வலி எப்படி இருக்கிறது?” என்றார் டாக்டரம்மா.

“நோவு எப்படிம்மா இருக்குது?” என்று சம்பத் கேட்டான்.

“பரவால்லிங்க” என்றாள் பாப்பாத்தி.

“மைல்ட், மேடம்.”

டாக்டரம்மா வயிற்றின் வலது பக்கத்தை அழுத்திப் பார்த்தார். சற்று இறுகினாற்போல் இருந்தது. பாப்பாத்தி மூச்சுக்கூட விடவில்லை. அவர் புருவத்தைச் சுருக்கினார். “இன்னொரு தடவை கேளுங்கள். சரியான சொல் வேண்டும்.”

கேட்டான். அதே பதில்தான் வந்தது. “மைல்ட்தான், மேடம். அதற்கு மேல் ஒன்றுமில்லை” என்றான். அந்தக் கடைசி வாக்கியம் பாப்பாத்தி சொன்னதல்ல, அவன் தன் கையிலிருந்து போட்ட கொசுறு.

டாக்டரம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. இன்று இங்கேயே தங்கட்டும் என்றார். ரங்கையா பெண்டாட்டியைப் பார்த்தான். “வேணா. காலைல வேலைக்கு நிக்கணும். பரவால்ல, போலாம்” என்றாள் அவள். டாக்டரம்மா சம்பத்தின் முகத்தைப் பார்த்தார். மைல்ட் என்று அது அடித்துச் சொன்னது. மருந்து கொடுத்து, வலி கூடினால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் சம்பத் சாப்பிட வீட்டுக்குப் போனான். அம்சவேணிக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் குல்லாயாக மாட்டிக்கொண்டு இடது கையால் சோறு போட்டாள்.

“விரல் எப்படி இருக்குது?”

“பரவால்ல.”

குழம்பை ஊற்றிப் பிசைந்தவனின் கை அப்படியே நின்றது. முந்தின ராத்திரி பூராவும் அவள் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தது அவனுக்குத் தெரியும். தெரிந்தே புரண்டு படுத்துத் தூங்கினவன்.

“நீ ராத்திரி கண்ணே மூடலியே.”

“எங்க மூடறது? உயிர் போவுது.”

“அப்புறம் பரவால்லன்றே?”

“பின்ன இன்னான்றது? தாங்கிக்கினுதான கீறேன். உனுக்குச் சோறாக்காம உட்டுட்டனா?” என்றாள், ரசத்தை நகர்த்திவைத்துக்கொண்டே.

சம்பத் தட்டைத் தள்ளிவைத்தான். மைல்ட் என்றால் வலி சின்னது. அம்சவேணி வலியின் அளவைச் சொல்லவே இல்லை, தான் தாங்குவதைச் சொல்கிறாள். அதற்கு இங்கிலீஷில் வேறே சொல் இருக்கிறது: பேரபிள். மைல்ட் வலியைப் பற்றியது, பேரபிள் ஆளைப் பற்றியது. வலி மலையளவு இருந்தாலும் பேரபிள் என்று சொல்லலாம், தாங்குகிறவள் பாப்பாத்தியாக இருந்தால். இதையே எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தியிருக்கிறான்.

கையைக் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குச் சைக்கிளை விட்டான். வழியெல்லாம் வெட்கங்கெட்ட யோசனை ஒன்றும் கூடவே வந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லாமல் இருந்து, இவனும் போய்த் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டால், இனிமேல் டாக்டரம்மா எந்தச் சொல்லை நம்புவார்? வேலை நிலைக்குமா? அந்த யோசனை வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு மிதித்தான்.

ரயில் வந்திருக்கவில்லை. பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் பாப்பாத்தி முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிச் சுருண்டு கிடந்தாள். ரங்கையா தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் குந்தியிருந்தான்.

“நேத்திலேர்ந்து ஒண்ணும் துன்னலிங்க. தண்ணி குட்த்தாலும் வாந்தி.”

“இத ஏன்யா அங்க சொல்லல?”

“அவளத்தான கேட்டீங்க. அவளுக்கு வாய்ல வேற வராதுங்க. காலைல மேஸ்திரி எல்லாரையும் நிக்க வெச்சி, இன்னா, எப்டி கீறன்னு கேப்பாரு. பரவால்லன்னு சொல்றவங்களுக்குத்தான் அன்னிக்கு வேலை. முடியலன்னு ஒரு வாட்டி வாய் தவறிச் சொன்னாக்கூட அப்பாலிக்கு அந்தப் பக்கம் போவ முடியாது.” ரங்கையா சொம்பைக் கீழே வைத்தான். “பிரசவத்துக்கு வலி எடுத்தப்பவும் இதான் சொன்னா. நானும் நம்பிட்டு வேலைக்குப் போய்ட்டேன். புள்ள தங்கல.”

சம்பத் வெளியே ஓடினான். ஜட்கா ஒன்றைப் பிடித்து இருவரையும் ஏற்றிவிட்டு, முன்னால் சைக்கிளில் பறந்தான்.

“மேடம், நான் சொன்னது தப்பு. மைல்ட் இல்லை. பேரபிள்” என்றான், மூச்சிரைக்க. “மைல்ட் என்றால் வலி சிறியது. பேரபிள் என்றால்...”

“எனக்குத் தெரியும்” என்றார் டாக்டரம்மா. அதற்குள் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டார்.

குடல்வால் உடைந்திருந்தது. காலையிலேயே அறுத்திருந்தால் உடையுமுன் எடுத்திருக்கலாம் என்று மறுநாள் அவனிடம் மறைக்காமல் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சம்பத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்ததால் காய்ச்சல் இறங்க மறுத்தது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் உள்ளே ஒருத்தியின் உடம்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நடுவில் அம்சவேணியையும் அழைத்துவந்து விரலைக் காட்டினான். டாக்டரம்மா கேட்டதும் அவள் “பரவால்ல” என்று ஆரம்பித்தாள். சம்பத் அதை மொழிபெயர்க்கவே இல்லை. ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, மேடம் என்று மட்டும் சொன்னான். அன்றே கீறிச் சீழை எடுத்துவிட்டார்.

பாப்பாத்தி பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டுக் கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகு, ஒரு காலை டாக்டரம்மா தையலுக்குப் பக்கத்தில் கையை வைத்து லேசாக அழுத்தினார். எப்படி இருக்கிறது என்று சம்பத் கேட்டான். பாப்பாத்தி பழக்கப்படி வாயைத் திறந்து, கால்மாட்டில் நின்ற ரங்கையாவைப் பார்த்தாள்.

“இங்க மேஸ்திரி யாரும் இல்லம்மா. உள்ளத சொல்லு” என்றான் சம்பத்.

அவள் பார்வை டாக்டரம்மாவின் கைக்குத் திரும்பியது.

“நோவுதுங்க சார். ரொம்ப நோவுது. அந்தம்மாவ கைய எடுக்கச் சொல்லுங்க.”

ஷார்ப், அக்யூட், சிவியர் என்று எல்லாம் அவன் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

“வலிக்கிறதாம், மேடம். கையை எடுக்கச் சொல்கிறாள்.”

டாக்டரம்மா உடனே கையை எடுத்துக்கொண்டார். பாப்பாத்தி தன் வயிற்றையும் அந்தக் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.