மிஷினுக்கு வைத்த பொட்டு

மிஷின் அரை வினாடி உறுமி அடங்கியது.

கொட்டகையில் நான்கு பேர் இருந்தார்கள். அந்த உறுமல் கலையரசியின் காதில் மட்டும்தான் விழுந்தது. மற்ற மூவரும் பொட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரணியில் பிரவீண் புதிதாகக் கட்டிய தறிக்கொட்டகை அது. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கு துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்க வேண்டும். அடித்து முடித்தபின் தறிகளை உள்ளே இறக்குவதுதான் புத்தி. ஆனால் பிரவீணுக்கு எல்லாமே அவசரம். ஆறு தறிகளும் ஏற்கெனவே உள்ளே இருந்தன, இரண்டில் நெடுக்கு நூலான பட்டுப் பாவுகூட ஏறியாகிவிட்டது. காலையிலிருந்து தேவகிதான் ஒவ்வொரு தறியையும் பாலிதீன் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். தறியில் பாவு தீர்ந்ததும் பழைய நூல் முனையோடு புது நூல் முனையைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைப்பது அவள் பிழைப்பு. ஒரு பாவுக்கு நாலாயிரம் இழை. மூடுவதும் துடைப்பதும் கூலியில்லாத உபரி வேலை.

கலையரசி எந்திரவியல் படித்தவள். முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு ஏழு முறை நடந்தவள். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் பிரிவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, அங்கே மேற்பார்வையாளனை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். அண்ணன் தென்னரசு பதினைந்து வருஷமாகப் பிரஷ் பிடிக்கிறவன். அவன் கையும் அவள் படிப்பும் சேர்ந்தால் சொந்தமாக காண்டிராக்ட் எடுக்கலாம் என்று இந்த ஏர்லெஸ் மிஷினைக் கொண்டுவந்தாள். காற்றே இல்லாமல் பெயின்ட்டை மட்டும் பயங்கர அழுத்தத்தில் ஊசித் துவாரம் வழியாகப் பீய்ச்சுகிற மிஷின்.

அன்று காலை எல்லாம் முறையாகத்தான் செய்தாள். எர்த் ஒயர் மாட்டினாள். ஓஸ் குழாயை முழு நீளத்துக்கும் தடவி, மடிப்போ கீறலோ இருக்கிறதா என்று பார்த்தாள். இணைப்புகளை ஸ்பேனரால் முறுக்கினாள். மூவாயிரத்துக்கு அழுத்தம் ஏற்றி, ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்து, பெயின்ட் கன்னை அண்ணன் கையில் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பிரவீண் கற்பூரத்தோடு வந்தான்.

"புது கொட்டாய், புது மிஷினு. கற்பூரம் காட்டாம எப்பிடிமா ஆரம்பிக்கிறது?"

"தின்னர் டப்பா தொறந்து கீது சார். நீங்க கற்பூரத்த கொளுத்துனா மொதல்ல எரியறது நாமதான்."

"பேச்ச பாரு."

"அவ அப்பிடித்தாங்க," என்றான் தென்னரசு. "சோத்துல உப்பு இல்லன்னாகூட எங்க வூட்ல விசாரண கமிஷன் வெப்பா."

கற்பூரம் வெளியே போனது. ஜெயித்தாள். பிறகு தேவகி குங்குமத் தட்டோடு வந்து நின்றாள்.

"பொட்டாச்சும் வெக்கலாமா? இல்ல அதுக்கும் வெடிக்குமா உன் மிஷினு?"

எல்லோரும் சிரித்தார்கள். அழுத்தம் ஏறியிருக்கிறது, டிரிக்கர் லாக் போடவில்லை என்பது கலையரசிக்குத் தெரியும். அணைத்து, அழுத்தத்தை இறக்கி, பிறகு கொடுக்க வேண்டும். "ஜல்தி ஜல்தி, பத்தரைக்கு ராகுகாலம்," என்றான் பிரவீண். இப்போதுதான் ஒரு சண்டை போட்டு முடித்திருந்தாள். உடனே இன்னொன்றா என்று இருந்தது. அதிகப்பிரசங்கி என்ற பேரை வாழ்க்கையில் ஒருநாளாவது வாங்காமல் இருந்து பார்ப்போமே என்று தோன்றியது.

"வெச்சிக்கோங்கக்கா," என்றாள்.

பாப்பாவின் முகத்தைத் தூக்கிக் காட்டுவது போல தென்னரசு கன்னைத் தூக்கிக் காட்டினான். தேவகி மோதிர விரலில் குங்குமம் தொட்டுப் பிடியில் ஒன்று, ஓஸில் ஒன்று வைத்தாள். மூன்றாவதைப் பெயின்ட் பீறிடும் மூக்கில் வைத்தாள். மூக்கைக் காக்கிற இரண்டு மஞ்சள் இறக்கைகளுக்கு நடுவில் ஒரு விரல் நுழையும். அவள் அழுத்த, கன் பின்னால் போகாமலிருக்க அவன் டிரிக்கரோடு சேர்த்துப் பிடியை இறுக்கினான். அப்போதுதான் மிஷின் உறுமியது.

அழுத்தம் நிரம்பினால் மிஷின் தானாக அடங்கிவிடும். எங்காவது பெயின்ட் வெளியேறினால்தான் மறுபடி ஓடும். கலையரசி தரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பாலிதீனை, அண்ணன் சட்டையை, தேவகியின் புடவையைப் பார்த்தாள். எங்கும் ஒரு துளி இல்லை.

அப்படியானால் போன பெயின்ட் எங்கே?

"அக்கா, கைய காட்டுங்க."

"இன்னாடி?"

"காட்டுங்கன்றேன்."

விரல் நுனி முழுக்கச் சிவப்பு. குங்குமத்தின் சிவப்பா ரெட் ஆக்சைடின் சிவப்பா என்று தெரியவில்லை. குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள். குங்குமம் கரைந்து ஓடியது. நுனியில் ஒரு புள்ளி மிஞ்சியது. எறும்பு கடித்த அளவுகூட இல்லை. ரத்தம் இல்லை.

"வலிக்குதா?"

"சுருக்குன்னுச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லை என்பதுதான் அடையாளம். ஒரகடத்தில் முதல் வாரமே பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். வலிக்காது, சின்னப் புள்ளிதான் தெரியும், வீட்டுக்குப் போய்ப் படுப்பான், மறுநாள் விரல் கறுத்திருக்கும்.

மிஷின் பக்கம் திரும்பினாள். சுவிட்சை அணைத்தாள். வால்வைத் திருப்பினாள். அண்ணன் கையிலிருந்து கன்னைப் பிடுங்கி, பக்கெட்டுக்குள் காட்டி டிரிக்கரை அழுத்தி, மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றி, லாக் போட்டாள். பத்து வினாடி ஆனது. ஐந்து நிமிஷம் முன்னால் செலவழிக்காத பத்து வினாடி.

"வண்டிய எடுங்க சார். வேலூர் போணும்."

"குத்துன எடமே தெரியல. இதுக்கு வேலூரா?" என்றான் பிரவீண்.

"உங்க கார் டயர்ல எவ்ளோ காத்து புடிக்கிறீங்க?"

"முப்பது."

"இதுல மூவாயிரம். விரல் தோலு அத நிறுத்துமா?"

தேவகி சிரித்தாள். "அட வுடுடி. மோதிர விரலுதான. பிணைக்கறதுக்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். இது சும்மா கூட வந்துகினு கீது."

"பெயின்ட் விரலோட நிக்காதுக்கா. உள்ளங்கை வரைக்கும் ஓடும். தின்னர் கலந்தது, போற வழியெல்லாம் சதைய அரிக்கும். அப்புறம் உங்க கட்டை விரலு மட்டும் என்னா பண்ணும்?"

தேவகியின் சிரிப்பு நின்றது. நால்வரும் காரில் ஏறினார்கள். ஆனால் பிரவீண் வண்டியை வேலூர் ரோட்டில் விடாமல், இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு கிளினிக் வாசலில் நிறுத்தினான். இறங்குமுன் திரும்பிச் சொன்னான்.

"ஆக்சிடென்ட்னு வாய தொறக்காதீங்க. போலீஸ் வரும். கொட்டாய்க்கு இன்னும் லைசென்ஸே வரல. உங்கண்ணன்தான் டிரிக்கர்ல கை வெச்சிருந்தான், அதயும் யோசிச்சுக்கோமா."

தென்னரசு முன் சீட்டில் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். பிரவீண் முந்திக்கொண்டான். "ஆணி குத்திடுச்சுங்க டாக்டர்."

அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். ஆணி குத்தியதற்கு என்ன செய்வார்களோ அதைச் செய்யத் தயாரானார். "டிடி ஊசி போட்டுடலாம். மாத்திர எழுதறேன். நாளைக்கு வீங்கினா வாங்க."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். கலையரசி அண்ணனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டவில்லை, சொல் என்றும் ஆட்டவில்லை. சொன்னால் இந்த ஊரில் இனி யாரும் அவர்களைக் கூப்பிடப் போவதில்லை. கேஸ் வந்தால் முதல் பேர் அவனுடையது, இரண்டாவது பேர் அவளுடையது.

"ஆணி இல்ல டாக்டர்."

"கலை," என்றான் பிரவீண்.

"பெயின்ட் கன். ஏர்லெஸ். மூவாயிரம் பிஎஸ்ஐ. ரெட் ஆக்சைடு, தின்னர் கலந்தது. பத்து இருவதுக்கு நடந்துச்சு. உள்ள போயிருக்கு. பிரஷர எறக்காம, லாக் போடாம கன்ன குடுத்தது நான்தான்."

டாக்டர் நர்ஸின் கையைத் தடுத்தார். தேவகியின் விரலை மறுபடி பிடித்து, உள்ளங்கைப் பக்கம் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். விரலின் அடியை அழுத்தியபோது தேவகி "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆணின்னு யார் சொன்னது?" என்றார் டாக்டர். பிரவீண் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "ஒரு விரலையே இழந்திருப்பாங்க. புரியுதா உங்களுக்கு?"

வேலூர் மருத்துவமனைக்கு அவரே போன் செய்தார், கை அறுவை சிகிச்சைப் பிரிவில் ஆள் தயாராக இருக்கச் சொன்னார். கடிதம் எழுதிக்கொண்டே பேசினார். "கைய ஒசத்தியே வெச்சிருக்கணும். தேய்க்கக் கூடாது, அமுக்கக் கூடாது. பச்சத் தண்ணிகூட குடுக்காதீங்க, மயக்கம் குடுக்கணும். பெயின்ட் டப்பா லேபிள போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"டப்பாவே வண்டில கீது டாக்டர்."

வாசலில் தென்னரசு அவள் தோளைப் பிடித்தான். "என் பேர ஏன் சொல்லல?"

"டிரிக்கர அமுக்குனது நீ, லாக் போடாதது நானு. எது பெருசுன்னு அப்புறம் சண்ட போட்டுக்கலாம். ஏறு."

கண்ணமங்கலம் வருவதற்குள் விரல் தடிக்க ஆரம்பித்தது. அதில் இறுகிக் கிடந்த வெள்ளி மோதிரத்தைக் காரிலிருந்த சானிடைசரை ஊற்றி ஊற்றி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கலையரசி உருவினாள். தேவகி கத்தவில்லை. பல்லைக் கடித்து ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். மோதிரம் வந்ததும் விரலைப் பார்த்தாள். நுனி வெளுத்து, மெழுகு போல இருந்தது.

"எரியுதுடி. உள்ளேர்ந்து எரியுது."

"கைய எறக்காதீங்கக்கா."

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"கிட்ட வந்துட்டோம்," என்றான் பிரவீண். கிட்ட வரவில்லை. முன்னால் நெல் லாரிகள் வரிசையாக நின்றன. பிரவீண் காரை விட்டு இறங்கி, வெள்ளைச் சட்டையோடு லாரிகளுக்கு நடுவில் ஓடி, ஒவ்வொரு டிரைவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு வழி விடச் சொன்னான். வழி கிடைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.

வேலூரில் பன்னிரண்டுக்கு முன்பே தேவகியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டிய ஊழியர், அவள் வலது கையைப் பார்த்துவிட்டு மை டப்பாவைத் திறந்தார்.

"எட்டாவது படிச்சிருக்கேன். கைநாட்டு வெக்க மாட்டேன்," என்றாள் தேவகி.

இடது கையால் எழுதினாள். மூன்று எழுத்துக்கு இரண்டு நிமிஷம் ஆனது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தவர் அவசரப்படுத்தினார். கலையரசி அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

எப்படி நடந்தது என்ற பகுதியைக் கலையரசியே எழுதிக் கையெழுத்திட்டாள். அடியில் தென்னரசும் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டரை மணி நேரம். அறுவை செய்த டாக்டர் முகமூடியை இறக்கியபடி வெளியே வந்தார். "நுனியில நுழைஞ்சது உள்ளங்கை நடு வரைக்கும் போயிருக்கு. விரல் நீளத்துக்கும் தொறந்து கழுவிட்டோம். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி தொறந்து கழுவணும். கை தப்பிச்சிடும்."

"விரலு?" என்றாள் கலையரசி.

"ரத்த ஓட்டம் திரும்பணும். சாயங்காலம் வரைக்கும் பாப்போம். திரும்பலன்னா எடுக்கறதத் தவிர வழியில்ல."

ஐந்து மணி ஆகும் நேரத்தில் வார்டுக்குள் ஒருவரை மட்டும் விட்டார்கள். தேவகி கலையரசியைத்தான் கூப்பிடச் சொன்னாளாம். வலது கை கட்டுப்போட்டு உயரத்தில் தொங்கியது. கட்டுக்கு வெளியே ஐந்து விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன.

"விரலு கீதா?"

"கீது."

"பொய் சொல்லாத."

"கீதுக்கா. ஆனா ரத்தம் ஓடுதான்னு இன்னும் தெரியல."

தேவகி அவள் பக்கம் திரும்பினாள். "வெச்சிக்கோன்னு நீதான சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"ஏன்டி சொன்ன? உனுக்குத் தெரியுமில்ல?"

கலையரசி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "தெரியும்," என்றாள்.

நர்ஸ் வந்தாள். மணிக்கொரு தரம் பார்க்கிற சோதனை. நுனியை அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் ரத்தம் ஓடினால் நிறம் திரும்பும். மூன்று மணிக்குப் பார்த்தபோது திரும்பவில்லை என்று அட்டையில் எழுதியிருந்தது. நான்கு மணிக்கும் அதேதான்.

"நான் பாக்க மாட்டேன்," என்று தேவகி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ பாரு. நீயே பாத்து சொல்லு."

நர்ஸ் முதலில் நடுவிரலை அழுத்தி விட்டாள். வெளுத்தது. உடனே சிவந்தது. பிறகு மோதிர விரல். அழுத்தினாள். விட்டாள். வெளுத்தது. அப்படியே இருந்தது. கலையரசி மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். நர்ஸும் அசையவில்லை. நகத்தின் ஓரத்தில், கோடு கிழித்தது போல ஒரு மங்கலான ரோஜா நிறம் வந்தது. வந்து நின்றது. பிறகு நகத்தின் அடியில் மெதுவாகப் பரவியது.

"இன்னொரு தடவ அமுக்குங்க சிஸ்டர்," என்றாள் கலையரசி.

நர்ஸ் அழுத்தி விட்டாள். வெளுத்தது. மறுபடி வந்தது.

"என்னாடி?" என்றாள் தேவகி சுவரைப் பார்த்தபடியே.

"லேட்டா வருதுக்கா," என்றாள் கலையரசி. "ஆனா வருது."