வைஃபைப் பாடு

நாலு கோடு... இல்லை, மூன்று, அடப்பாவி, ஒன்றுக்கு வந்துவிட்டதே, இப்போதுதானே முழுசாய் நின்றது என்று கம்ப்யூட்டர் திரையின் மூலையையே முறைத்துக்கொண்டிருந்தாள் அர்ச்சனா. பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு, சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, சுண்ணாம்புக்குளத்தை விட்டு நகரவே வேண்டாம், அது மட்டும் கிடைத்துவிட்டால்... கிடைக்கும், ஏன் கிடைக்காது, முதல் சுற்றில் அந்த மேடம் சிரித்துச் சிரித்துப் பேசினாளே, சிக்னல் கழுத்தை அறுக்காமல் இருந்தால் போதும். மறுபடி நாலு கோடு! நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தாள், உடனே இரண்டு. இன்னா இது, கண்ணாமூச்சியா? கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாயிற்று, பின்னால் இருக்கிற வைஃபை குச்சியைப் பிடுங்கித் துடைத்து வேறு ஓட்டையில் செருகியாயிற்று, மேசையைச் சன்னலோரம் இழுத்ததில் நைனா சட்டை மாட்டுகிற ஆணி வேறு பெயர்ந்துவிட்டது, போகட்டும், முதல் சம்பளத்தில் சுவரையே பூசிக்கொள்ளலாம்.

ரவுட்டர் இருப்பது சந்துக்கு அந்தப் பக்கம் எல்லம்மா சித்தி வீட்டில். சித்தி வீடு, இவள் வீடு, பூபதி பெரியப்பா வீடு, மூன்றுக்கும் ஒரே லைன், எல்லாரும் ஒன்றாய் இழுத்தால் யாருக்கும் வராது, அதனால் ஏரியில் முறை வைத்து வலை போடுகிற மாதிரி இதற்கும் பாடு வைத்துவிட்டார்கள், ஒரு நாளைக்கு ஒரு வீடு. அடுத்தவர் பாட்டில் வலை இறக்கினால் ஊர் கூடி அபராதம் போடும், பேச்சு வார்த்தையே நின்றுபோகும், அவ்வளவு பெரிய குற்றம். இன்றைக்கு இவள் வீட்டுப் பாடு. அப்புறம் யார் இழுக்கிறது? சித்தி மகன் தீனா, வேறு யார், போர்வைக்குள் படம் பார்த்துக்கொண்டிருப்பான் தடிமாடு... ஆனால் எப்படிக் கேட்பது, உன் பிள்ளை எங்கள் பாட்டைத் திருடுகிறான் என்று சொல்லிவிட்டால் சித்தி செத்தாலும் மன்னிக்க மாட்டாள். கேட்டால் சித்தி போச்சு, கேட்காவிட்டால் வேலை போச்சு. நேர்முகத்துக்குக் கட்டிக்கோடி என்று பச்சைப் புடவையைக் கொண்டுவந்து திணித்ததே அந்தச் சித்திதான்.

"சித்தி, தீனா இன்னா பண்றான்?" என்று பட்டும் படாமலும் சன்னல் வழியே குரல் கொடுத்தாள்.

"அவன் விடியும்போதே அவங்க நைனாகூட ஏரிக்குப் போயிட்டான்டி, போனுகூட இங்கதான் கெடக்குது, இன்னாத்துக்கு?"

ஒண்ணுமில்ல சித்தி என்றாள், வெட்கம் பிடுங்கித் தின்றது, சே, என்ன புத்தி எனக்கு, அவனைப் போய்... அப்போது வாடைக் காற்று ஒரு வீசு வீசியது, சித்தி வீட்டுத் தகரக் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது, ஒரு கோடு. கதவு கிறீச்சென்று திறந்தது, நாலு கோடு. மறுபடி டமார், மறுபடி ஒன்று. அட தகரமே, நீயா! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்தி, அந்தக் கதவைப் புடி, சிக்னலை அதான் மறைக்குது!"

"கொண்டி ஒடைஞ்சி போச்சுடி, இரு." சித்தி அரிவாள்மனையையும் மடவை மீன் கூடையையும் வாசலுக்கே இழுத்துவந்து, கதவில் முதுகைச் சாய்த்துச் சட்டமாய் உட்கார்ந்தாள். "இப்ப சாத்து பார்க்கலாம்," இது காற்றுக்கு. நாலு கோடும் அசையாமல் நின்றன.

பதினொன்றுக்குத் திரையில் வந்த மேடம் கேட்டதற்கெல்லாம் அர்ச்சனா டக் டக்கென்று பதில் சொன்னாள், இவ்வளவு நன்றாகப் பேச வருமா நமக்கு என்று அவளுக்கே ஆச்சரியம். கடைசியாக மேடம் கேட்டாள், "வாரத்துல ஆறு நாள் வேலைம்மா, வீட்ல நெட் தினமும் கிடைக்கும்ல?"

கிடை... என்று வாயெடுத்தவள் விரலை மடக்கி எண்ணினாள். தினமுமா? மூன்று நாளைக்கு ஒரு நாள்தானே நம் பாடு, இது ஏன் இத்தனை நாள் தோன்றவே இல்லை, பாடு என்றால் பாடு, அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பிறந்ததிலிருந்து பழகிவிட்ட மண்டை...

"கெடைக்கும்னு சொல்லுடி!" சந்திலிருந்து சித்தி கத்தினாள், கையெல்லாம் செதில். "எம் பாட்டையும் நீயே எடுத்துக்கோ!"

யாரது என்று மேடம் சிரித்தாள். "எங்க சித்தி மேடம்... தினமும் கிடைக்கும் மேடம்," என்றாள் அர்ச்சனா, கண்ணில் தண்ணீரும் வாய் கொள்ளாத சிரிப்புமாய், சரி, நம்முடையது ஒன்று, சித்தியுடையது ஒன்று, மூன்றாவது பூபதி பெரியப்பாவுடையது... பெற்ற தகப்பனுக்கே பாட்டை விட்டுக்கொடுக்காத மனுஷன், அவரிடம் யார் போய்க் கேட்பது?