இராகு காலம் பார்க்கும் ஸ்கிரிப்ட்

2007இல், வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இயங்கிய மென்பொருள் நிறுவனத்தில் நாகேந்திரத்தின் பதவி ‘ரிலீஸ் மனேஜர்’. கடைகளுக்கான பில் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும் நாளில் டை கட்டுவார். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘உண்மையான ஃபைனல்’ என்ற மூன்று கோப்புகளில் மனதுக்குப்பட்ட ஒன்றைச் சீடியில் ஏற்றுவார். காலி வீதிச் சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, கொம்பனித்தெருவில் பௌஸி ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைவரை சுமந்து போவார். பாதித் தடவை அது பழைய பதிப்பு. மீதிப் பாதியில் வெற்றுச் சீடி.

அங்கே புரோகிராம் எழுதும் கௌரி, இந்த வேலையைத் தானாகச் செய்யச் சின்னதாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரே கட்டளை, சப்வேர்ஷன் என்ற பொதுக் களஞ்சியத்தில் சேமித்த கடைசித் திருத்தத்தை அதுவே எடுத்து, இலக்கமிட்டு, இணையத்தில் கடைக்கு அனுப்பிவிடும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. நாகேந்திரத்துக்கு வியர்த்தது. இனி அவருடைய கதிரைக்கு என்ன வேலை?

“கெட்டித்தனம்தான் பிள்ளை. ஆனா நல்லது கெட்டது தெரியாத மெஷினை நம்பேலுமே? இராகு காலத்தில அனுப்பக் கூடாதெண்டு அதில ஒரு வரி எழுதும். ஸ்கிரிப்டை மாத்துறதெண்டாலும் ஸ்கிரிப்டாலதான் ரிலீஸ் பண்ண வேணும். அதுதான் புரொசீஜர்.”

முதலாளி சிவபாதசுந்தரம் மேசையில் தட்டி மெச்சினார்.

அடுத்த வெள்ளி, முற்பகல். தொலைபேசியில் பௌஸி.

“நாகேந்திரம் ஐயா, பில்லுல வரிய ரெண்டு தரம் கூட்டுது! கட நெறய சனம், என்னக் கள்ளனெண்டு ஏசுது. ஜும்மாவுக்கு முன்ன சரிவராட்டி நான் வேற கொம்பனி பாக்குற.”

நிறுவனத்தின் ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர். கௌரி பிழையைத் திருத்திக் கட்டளை கொடுத்தாள். திரை சொன்னது: ‘இராகு காலம். பன்னிரண்டு மணிக்குப் பின் முயலவும்.’

“அந்த வரியை எடும் பிள்ளை!”

“எடுத்தனான் ஐயா. எடுத்ததை ரிலீஸ் பண்ண வேணுமே? இராகு காலத்தில ஏலாது. உங்கட புரொசீஜர்.”

சிவபாதசுந்தரம் அறை வாசலுக்கு வந்தார். “நாகேந்திரம், பௌஸி போனா நீரும் போகலாம்.”

நாகேந்திரம் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கணினியின் கடிகாரத்தைத் தம் கையாலேயே பன்னிரண்டு தாண்டி நகர்த்தினார். ஸ்கிரிப்ட் ஓடியது. பௌஸி நிம்மதியாக ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார்.

திங்களன்று நாகேந்திரம் ‘தன்னியக்கப் பிரிவுத் தலைவர்’ ஆனார். கௌரி எடுத்த இராகு கால வரியைத் திரும்பவும் போடச் சொன்னார், எடுப்பது அபசகுனமாம். அவசர ரிலீஸின்போது கடிகாரத்தை முன்னே தள்ளி, பிறகு பின்னே இழுத்துவிட ஓர் ஆள் தேவையென்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். பட்டதாரிகள் மட்டும் விண்ணப்பிக்கலாம்.