வாய்ப்பூட்டு வாரம்

மீன் வறுவல் கடைக்காரர் கிளைவ் தர்கெல் சாட்சிக் கூண்டில் நின்று அளந்துகொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஏரன் ஸ்டப்ஸின் வக்கீலுக்குப் புரியவில்லை!

ஹல் என்ற ஆங்கிலேய நகரின் கிரவுன் கோர்ட், ஜூரி வைத்துக் குற்ற வழக்குகளை விசாரிக்கும் இடம். வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் நான், பிரான்வென் டாஸ்கர், நீதிபதி. மற்ற நாளெல்லாம் கிரிமினல் வக்கீல். குறுக்கு விசாரணைதான் என் பிழைப்பு.

"கடையச் சாத்துறப்ப பின்னால மெயின் சுவிட்ச அணைச்சுட்டுத்தான் முன்பக்கம் வருவேன்" என்றிருந்தார் கிளைவ். "தெரு விளக்கு ஒரு வாரமா எரியல. ஆனா என் கடை போர்டு வெளிச்சத்துல மூஞ்சியப் பார்த்தேன். என்னைத் தள்ளிவிட்டுக் கல்லாவத் தூக்கிட்டு ஓடுனது இந்தப் பயதான்!"

மெயினை அணைத்தபின் போர்டு எப்படி எரியும்?

ஏரனின் வக்கீல் கேரத் ப்ரோபர்ட் எழுந்தார். "வேறு கேள்வி இல்லை, யுவர் ஆனர்."

அட மடையா! என் இரண்டு கைகளும் தாமாகவே அங்கியின் விளிம்பைப் பற்றின. பாயப் போகும் வக்கீலின் பிடி அது.

கீழ் மேஜையிலிருந்து குமாஸ்தா மொரீன் எம்பி, கிசுகிசுத்தாள்.

"கைய எடுங்க மேடம். எழுந்துடுவீங்க போலிருக்கே!"

"நாக்கு அரிக்குது மொரீன்."

"கடிச்சுக்குங்க. நீங்க ஏரனுக்காகக் குறுக்கு விசாரணை பண்ணா, அரசுத் தரப்பு குதிக்கும். ஜூரியைக் கலைக்கணும். புது விசாரணை வர்ற வரைக்கும் அந்தப் புள்ள ஜெயில்லதான்."

கிளைவ் படியிறங்கத் திரும்பினார். இறங்கிவிட்டால் முடிந்தது கதை.

"ஒரு நிமிஷம், மிஸ்டர் தர்கெல்." நான் ஜூரியின் பக்கம் திரும்பினேன். இதை எந்த நீதிபதியும் கேட்கலாம். "சாட்சி போறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது கேட்கணுமா? எழுதிக் கொடுங்க."

ஒருவர் கொட்டாவி விட்டார். பச்சை ஸ்வெட்டர் பெண்மணி எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். சீக்கிரம், தாயே!

சீட்டு வந்தது. 'சாப்பாட்டுக்கு எப்போ விடுவீங்க?'

என் உயிர் போய்விட்டது.

"இன்னொண்ணு இருக்கு!" பின்வரிசையில் மொட்டைத் தலை ஆசாமி ஒருவர் காகிதத்தை ஆட்டினார். வாங்கிப் படித்தேன். முறைப்படி இரு தரப்புக்கும் காட்டினேன். ப்ரோபர்ட்டின் காது சிவந்தது. அரசுத் தரப்பு வக்கீல் இமோஜன் சேல் உதட்டைக் கடித்து, "ஆட்சேபணை இல்லை" என்றாள்.

வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தேன்.

"மெயின அணைச்சப்புறம் போர்டு எப்படி எரிஞ்சுது?"

கிளைவ் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அது... இருட்டுதான். ஆனா அதே உயரம், அதே திமிர்! ஓசி சிப்ஸ் கேட்டு எங்கிட்டத் தகராறு பண்ணவன். வேற யாரா இருக்கும்?"

இமோஜன் பின்னாலிருந்த போலீஸ்காரரிடம் குசுகுசுத்துவிட்டு எழுந்தாள். "எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி இவர்தான், யுவர் ஆனர். வழக்கை மேலே நடத்தப் போவதில்லை."

என் உத்தரவுப்படி ஜூரி, 'குற்றவாளி அல்ல' என்றது.

ஏரன் கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அப்ப நான் வீட்டுக்குப் போலாமா, மிஸ்?"

"போகலாம், மிஸ்டர் ஸ்டப்ஸ்."

பார்வையாளர் வரிசையில் அவன் அம்மா போட்ட கூச்சலில் கூரையே அதிர்ந்தது. 'அமைதி' என்று அதட்ட வேண்டியது என் வேலை.

அதட்டவில்லை.